வேலியோரத் தீவனம்: வெள்ளாட்டுத் தழையின் வரலாறு

வெள்ளாடு புல்லைவிட மரத்தழையை விரும்பும் விலங்கு. செம்மறி தலைகுனிந்து தரையோடு மேயும். வெள்ளாடு தலை நிமிர்ந்து மேயும். எட்டாவிட்டால் முன்னங்கால்களைத் தண்டில் ஊன்றி நின்று கொப்பின் நுனியைப் பிடித்திழுக்கும். அசைகிற மேலுதடும் சுழலும் நாக்கும் இருப்பதால் இரண்டு முள்ளுக்கு நடுவில் இருக்கும் சிற்றிலையைக்கூட அதனால் தனியே கொய்ய முடிகிறது. தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் கறிக்காக வெள்ளாடு வளர்த்தவர்கள் இந்த இயல்பை ஒட்டியே தீவன முறையை அமைத்துக்கொண்டார்கள். பகலில் மேய்ச்சல், பொழுது சாய்ந்து பட்டிக்குத் திரும்பியதும் ஒரு கட்டுத் தழை. வயிற்றை நிரப்புவது மேய்ச்சல். சதை பிடிக்க வைப்பது தழை.

நெல் வைக்கோலின் உலர்பொருளில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான். காய்ந்த சோளத்தட்டை அதைவிடச் சற்று மேல். கோடையில் தரிசில் நிற்கும் காய்ந்த புல்லும் அந்த அளவில்தான் இருக்கும். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு உணவில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆடு தின்றும் இளைக்கும். ஆல், அரசு இலைகளில் புரதம் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. வேப்பிலையில் அதைவிடக் கூடுதல். வாகையில் இன்னும் மேல். அகத்தியில் 25 வரை போகிறது. வைக்கோலையோ தட்டையையோ தின்னும் ஆட்டுக்குக் கொஞ்சம் தழை சேர்த்தால், தழையிலிருந்து கிடைப்பது மட்டும் லாபமன்று. அதுவரை வீணாகச் சாணமாகிப் போன வைக்கோலும் செரிக்கத் தொடங்குகிறது. மரத்தழை முழுத் தீவனமாக இல்லாமல் துணைத்தீவனமாகவே நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணம் இதுதான். சிறிதளவு போதும், ஆனால் அந்தச் சிறிதளவு தவறாமல் கிடைக்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்குத் தமிழில் உள்ள பழைய சான்று பத்துப்பாட்டில் இருக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாணன் போகும் வழியில் உள்ள இடையர் குடியிருப்பை நுணுக்கமாகக் காட்டுகிறது. குட்டையான கால்களை உடைய குடிசை. அந்தக் கால்களின் நடுவில் ஆட்டுக்குட்டிகள் தின்பதற்காகக் கட்டப்பட்ட தழை. முற்றத்தில் குறுந்தறிகளில் நீண்ட தாம்பு. அங்கே செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து கிடக்கின்றன. தழையைத் தரையில் போடாமல் குட்டியின் வாய்க்கு நேரான உயரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெள்ளாடு மிதிபட்ட, சிறுநீர் பட்ட தழையைத் தொடாது. தரையில் கொட்டினால் பாதி வீணாகும். குடற்புழுவின் முட்டையும் வாய்க்குள் போகும். இன்றைக்கும் ஒரு கொட்டகைக்குள் நுழைந்தால், மேல்விட்டத்திலிருந்து கயிற்றில் தலைகீழாகத் தொங்கும் தழைக்கட்டும் அதைச் சுற்றி நின்று இழுக்கும் குட்டிகளும்தான் முதலில் கண்ணில் படும். கால்நடைக் கையேடுகள் இதையே இப்போது பரிந்துரையாக எழுதுகின்றன. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோது, படித்தவர்களில் ஊர்ப்பக்கத்து ஆட்கள் குட்டிக்குத் தழை கட்டியதைச் சொல்லும் அடிக்கு உரையைத் தேடியிருக்கத் தேவையில்லை.

இரண்டாவது சான்று ஒரு பழமொழி. இடையன் வெட்டிய மரம் என்பதைப் பொருளாகக் கொண்ட பழமொழியை, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூற்றில் முன்றுறை அரையனார் எடுத்தாள்கிறார். பேச்சில் அது ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்று வழங்குகிறது. இடையன் கொப்பை முழுக்கத் துண்டிப்பதில்லை. மேற்புறத்தில் பாதி வெட்டி வளைத்துவிடுவான். கொப்பு மளுக்கென்று மடங்கி, அடிப்பட்டையும் கொஞ்சம் மரமும் ஒட்டியபடி தரைக்கு அருகில் தொங்கும். ஆடுகள் சுற்றி நின்று தின்னும். ஒட்டியிருக்கும் பட்டை வழியாக நீரும் சத்தும் போய்க்கொண்டிருப்பதால் அந்தக் கொப்பு சாகாது. தின்ற இடத்தில் மறுபடி துளிர்க்கும். அடுத்த முறை அதே உயரத்தில் ஆட்டுக்கு எட்டும். பழமொழி இதை அரைகுறை வேலைக்கு உவமையாக்கிவிட்டது. மரத்தைப் பொறுத்தவரை அந்த அரைகுறைதான் சரியான வெட்டு.

கருவிகளும் இதற்கு ஏற்றவை. நீண்ட மூங்கில் கழியின் முனையில் சிறு வளைந்த அரிவாளைக் கட்டினால் தொரட்டி. கொங்கிலும் பாண்டி நாட்டிலும் ஆட்டுக்காரரின் தோளில் இது இல்லாமல் இருக்காது. யாழ்ப்பாணத்தில் இதே கருவி கொக்கத்தடி. தழைக்கு அங்கே குழை என்று பெயர். தொரட்டியால் நுனிக்கொப்புகளை மட்டுமே அறுக்க முடியும். அடிக்கிளைக்கு அது உதவாது. கருவியே வெட்டின் அளவைக் கட்டுப்படுத்தியது. கோடரி கைக்கு வந்த இடத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விடும்.

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகள் ஆட்டைக் கணக்கிட்டுப் பேசுகின்றன. ஒரு நந்தாவிளக்கை எரிக்க 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதி, நாள்தோறும் நெய் அளக்கச் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. ஆட்டின் தொகையும் நெய்யின் அளவும் கல்லில் ஏறின. அத்தனை ஆடும் எதைத் தின்றன என்பதற்கு அங்கே கணக்கு இல்லை. தழை யாருடைய விளைச்சலும் அன்று. அதற்கு வரியும் இல்லை, அளவையும் இல்லை. பின்னாளில் எழுந்த சச்சரவுகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆட்டுக்குத் தழை தந்த மரம் எதுவும் ஆட்டுக்காக நடப்பட்டதன்று. ஒன்று வேலிக்காக நின்றது, இன்னொன்று நிழலுக்காக, மற்றொன்று கொடி படர. தழை அந்த மரத்தின் உபரி. மரத்தின் முதல் வேலைக்கு உரியவர் மனம் மாறினால், ஆட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்ல எந்த உரிமையும் இருந்ததில்லை.

ஊருக்கு ஊர் மரம் வேறு, தழை தேவைப்படும் பருவமும் வேறு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கத்துச் செம்மண் சரளை நிலத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அங்கே விவசாயிகள் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தை உருவாக்கினார்கள். சில ஏக்கர் கொண்ட துண்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். துண்டு துண்டாக மாற்றி மேய்ப்பதால் புல் மறுபடி தலையெடுக்க நேரம் கிடைக்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து சருகாகும்போது வெள்வேலின் தழையும் அதன் பிறகு உதிரும் காயும் கைகொடுக்கும். கொறங்காடு முதன்மையாகக் காங்கேயம் மாட்டுக்கும் மேச்சேரிச் செம்மறிக்கும் உரிய நிலம். வெள்ளாடு அங்கே சில உருப்படிகளாக உடன் சேரும். ஆனால் மரத்தையும் புல்லையும் ஒரே நிலத்தில் வைத்து மேய்ப்பது பிற்காலத்தில் வல்லுநர்கள் புதுமையாகப் பேசிய ஒன்று. கொங்கு விவசாயி அதைப் பெயர் வைக்காமலே நடத்திவந்தார்.

காவிரிப் படுகையில் நிலைமை நேர்மாறு. அங்கே ஆட்டுக்குப் பஞ்சம் வருவது மழைக்காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் நிலமெல்லாம் சம்பா நிற்கும். வரப்பில் ஆடு கால் வைத்தால் சண்டை. 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்துக்குப் பிறகு பயிரில் வாய்வைத்த ஆடு பவுண்டு என்ற அடைப்புப் பட்டிக்குப் போயிற்று. தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஈரப்புல்லில் மேய்ந்தால் கழிச்சலும் வரும். ஆகவே ஆடு கொட்டகையில் கட்டப்பட்டுக் கிடக்கும். வாய்க்கால் கரையின் பூவரசும், வேலியோரத்துக் கல்யாண முருங்கையும், கொல்லையில் நிற்கும் ஒதியனும்தான் அப்போது அதன் உணவு. அறுவடை முடிந்து தாளடியில் ஆடு இறங்கும்வரை பெண்களும் பிள்ளைகளும் நாளும் ஒரு கட்டுத் தழை ஒடித்து வருவார்கள். அதே பூவரசு, புங்கன் தழையை நெல்வயலுக்கு உரமாக மிதிக்கவும் வெட்டினார்கள் என்பதால் ஒரு கொப்புக்கு இரண்டு பேர் உரிமை கேட்பது சாதாரணம். ஆட்டுக்குப் போட்டால் புழுக்கையாக வயலுக்குத்தானே வரும் என்ற வாதம் நிலமில்லாதவர்களிடம் எடுபடும், நிலக்காரரிடம் எடுபடாது.

வெற்றிலைக் கொடிக்கால் இருந்த ஊர்களில் தழைக்கு ஒரு தனி வழி இருந்தது. வெற்றிலைக் கொடிக்கு நிழலும் கொழுகொம்பும் வேண்டும் என்பதால் வரிசை வரிசையாக அகத்தியை நெருக்கமாக விதைத்தார்கள். கொடி ஏறியபின் நிழல் மிகாமல் இருக்க அகத்தியின் நுனியை அவ்வப்போது கழிக்க வேண்டும். கழித்த தழை கட்டுக்கட்டாக ஆட்டுக்காரரிடம் போயிற்று. மற்ற மரத்தழை எதுவும் காசுக்கு விற்காத காலத்திலும் கொடிக்கால் அகத்திக்கு விலை இருந்தது. கரூர், நாமக்கல் வட்டாரங்களிலும் சோழவந்தானிலும் தாமிரபரணிக் கரை ஆத்தூரிலும் வெற்றிலையும் கிடாயும் அக்கம்பக்கத்தில் வளர்ந்தன. வெற்றிலைச் சாகுபடி சுருங்கச் சுருங்க அந்த அகத்தியும் சுருங்கியது.

கரிசல் காட்டிலும் இராமநாதபுரத்து மணற்பாட்டிலும் தழையைவிட நெத்து முக்கியம். காய்ந்து உதிரும் வேலங்காய்க்கு அங்கே நெத்து என்று பெயர். குடைபோல் விரிந்த உடைமரத்தின் அடியில் நின்று தொரட்டியால் உலுக்கினால் சுருண்ட காய்கள் சடசடவென்று விழும். ஆடுகள் அந்த ஓசைக்கே ஓடிவரும். கோடையில் இலை குறையும்போது கருவேல நெத்தும் உடை நெத்தும் ஆட்டைத் தேற்றின. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்துக் கன்னி ஆடும், கடற்கரையோரத்து உயரமான கொடி ஆடும் இந்த முள்மரங்களை நம்பி உருவான இனங்கள். நெட்டைக்கால் அங்கே அழகுக்காக மட்டும் போற்றப்படவில்லை. ஒரு சாண் மேலே எட்டும் ஆடு கோடையைத் தாண்டும். கருவேல நெத்தில் துவர்ப்புச் சத்து மிகுதி என்பதால் அளவு மீறினால் மலம் கட்டும். அது தெரிந்தே சாயங்காலத்தில் வேப்பந்தழையோ வாகையோ கலந்து போட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் மேய்ச்சல் நிலமே அரிது. சிறு சிறு வளவுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு நின்ற உயிர்வேலி. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியால்களின், அதாவது வேலியாக ஊன்றித் துளிர்த்த கம்புகளின், தலையைக் கழிப்பார்கள். கழித்த குழை ஆட்டுக்குப் போகும். பலாமரம் உள்ள வீட்டில் உதிர்ந்த பழுத்த இலையைச் சிறுவர்கள் கூரான கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திக் கோத்துக் கொண்டுவருவார்கள். குனிந்து பொறுக்குவதைவிட இது விரைவு. கம்பி நிறைந்ததும் உருவிப் போட்டால் ஒரு நேரத் தீவனம். ஊர்க் கோயில் வேள்விக்கு நேர்ந்த கிடாயை வெளியே விடாமல் மாதக்கணக்கில் குழையும் தவிடும் கொடுத்துக் கொழுக்க வைக்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியிருந்தது. கொட்டிலில் கட்டி வளர்ப்பது நவீன முறை என்று எண்ணுபவர்கள் இந்தக் கிடாய்களை மறந்துவிடுகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்திலும் பலாவிலை இதே வேலையைச் செய்தது.

ஊருக்குள் கதை இப்படி. மலையடிவாரத்தில் ஆட்டுக்குத் தழை தந்தது காடு. அங்கேதான் வழக்கம் முதலில் சட்டத்தோடு மோதியது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளின் எல்லையைக் குறித்து, உள்ளே மேய்ச்சலுக்குச் சீட்டும் கட்டணமும் விதித்தது. கொப்பு வெட்டுவது குற்றமாயிற்று. சட்டத்துக்கு வடிவம் கொடுப்பதில் பங்குபெற்ற டீட்ரிக் பிராண்டிஸ் போன்ற வனவியலாளர்களுக்கு மாடு சகித்துக்கொள்ளக் கூடியது, வெள்ளாடு அப்படியன்று. முளைவிடும் கன்றின் நுனியைக் கடித்துவிட்டால் மரம் மரமாவதில்லை என்பது அவர்கள் வாதம். அது பொய்யும் அன்று. பல காப்புக்காடுகளில் மாட்டுக்குச் சீட்டு கிடைத்தது. வெள்ளாட்டுக்கு வாசலே திறக்கவில்லை.

இந்திய வேளாண்மையை ஆய்ந்து 1893இல் அறிக்கை வெளியிட்ட வோல்க்கர், ஊருக்கு அருகில் விறகுக்கும் தீவனத்துக்கும் தனியே காடு வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். விறகு கிடைத்தால்தான் சாணம் வயலுக்கு வரும் என்பது அவர் கணக்கு. அந்த யோசனை பெரும்பாலும் தாளோடு நின்றது. 1913இல் சென்னை மாகாண வனக்குழு, காட்டுக் காவலர்களின் தொல்லை பற்றி மக்கள் சொன்ன குறைகளைக் கேட்டு, மேய்ச்சலுக்குப் பயன்படும் காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் விடும்படி பரிந்துரைத்தது. வனப் பஞ்சாயத்துகள் சில தோன்றவும் செய்தன. 1921இல் குண்டூர் மாவட்டத்துப் பல்நாட்டில் மேய்ச்சல் கட்டணம் கட்ட மறுத்து மக்கள் திரண்டபோது, புல்லும் தழையும் அரசியலாகிவிட்டன.

விடுதலைக்குப் பிறகு இந்த மனப்போக்கு மாறவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கையும் வெள்ளாட்டைக் காட்டின் எதிரியாகவே பார்த்தது. அடுத்து வந்த மரநடவுத் திட்டங்களில் இதன் விளைவைக் காணலாம். பொது நிலத்தில் எந்த மரத்தை நடுவது என்ற கேள்விக்கு, ஆடு வாய்வைக்காத மரம் என்பதே பல இடங்களில் விடையாக இருந்தது. யூகலிப்டஸ் பரவியதற்கு அது ஒரு காரணம். காவல் போடாமலே வளர்ந்துவிடும். சீமைக்கருவேலின் வரலாறும் இதோடு சேர்ந்தது. 1870களில் சென்னை மாகாணத்துக்கு ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. முதல் நடவு கடப்பைப் பகுதியில். அதன் இலையை ஆடு தின்னாது. இனிப்பான நெத்தையோ விடாமல் தின்று, செரிக்காத விதையைப் புழுக்கையோடு சேர்த்துப் போகிற இடமெல்லாம் விதைத்துவிடும். இராமநாதபுரத்தில் உடைமரமும் வெள்வேலும் நின்ற இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்ததில் ஆட்டுக்கும் பங்குண்டு. அதனால் நட்டப்பட்டதும் ஆடுதான்: வைகாசியில் நெத்து கிடைக்கிறது, ஆண்டின் மற்ற மாதங்களில் தழை கிடைப்பதில்லை. 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி, கண்மாய்களின் உட்புறத்தில் நாட்டுக் கருவேல் நடப்பட்டது மட்டும் ஆட்டுக்காரருக்குச் சற்று ஆறுதல்.

வெள்ளாடு உண்மையிலேயே நிலத்தை அழிக்கிறதா என்று ஆராய இந்திய அரசு அமைத்த, சி.எச். அனுமந்த ராவ் தலைமையிலான பணிக்குழு 1987இல் அறிக்கை தந்தது. நிலம் பாழாவதற்கு ஆட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பராமரிப்பற்ற பொது நிலமும் மிகை மேய்ச்சலுமே பெரிய காரணங்கள் என்ற கருத்தை அது முன்வைத்தது. நூறாண்டு வழக்கில் ஆட்டுக்குக் கிடைத்த முதல் சாதகமான தீர்ப்பு என்று அதைச் சொல்லலாம். வனத்துறை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில், வரலாற்றில் முதன்முறையாக, தழையையே முதல் பயனாகக் கருதி ஒரு மரம் விளம்பரத்தோடு ஊருக்குள் வந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சவுண்டல், நாட்டு வகையாகத் தமிழ்நாட்டுக்கு முன்பே தெரிந்ததுதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புரூபேக்கர் தேர்ந்தெடுத்த நெடிய வகைகள், குறிப்பாகக் கே-8, அதை வேறொரு மரமாக்கின. 1977இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டது. மணிபாய் தேசாய் மகாராட்டிரத்தில் நிறுவிய பாய்ப் நிறுவனம் அந்த வகையை இந்தியாவில் பரப்பியது. சூபாபுல் என்ற பெயர் ஊர்தோறும் எட்டியது. வெட்ட வெட்டத் துளிர்க்கும், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும், இலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம், தண்டு விறகுக்கும் காகித ஆலைக்கும் போகும். 1980களில் வேளாண் கண்காட்சிகளில் இதற்கு ஈடாக வேறு மரம் பேசப்படவில்லை.

ஆனால் அந்த இலையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. குதிரைக்கும் பன்றிக்கும் அது மயிரை உதிர்க்கும். அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது டிஎச்பி என்ற வேறு பொருளாக மாறித் தைராய்டைத் தாக்கும். கழுத்து வீங்கும், எடை நிற்கும். ஆஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகள் இப்படி நோயுற்றன. ஹவாயிலும் இந்தோனேசியாவிலுமோ ஆடுகள் இதையே நாள்முழுதும் தின்று நலமாக இருந்தன. இந்த முரணைப் பற்றிக்கொண்டவர் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ். வேறுபாடு ஆட்டில் இல்லை, ஆட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரில் இருக்கிறது என்று அவர் கருதினார். இந்தோனேசிய ஆட்டின் வயிற்றுநீரை ஆஸ்திரேலிய ஆட்டுக்குள் செலுத்தியபோது, அதுவரை நஞ்சைச் சிதைக்க முடியாதிருந்த ஆடு சிதைக்கத் தொடங்கியது. 1984இல் இந்த முடிவு வெளிவந்தது. ஹவாய் ஆடுகளிலிருந்து எடுத்த நுண்ணுயிர் அடுத்த இரண்டாண்டுகளில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கைகொடுத்தது. 1992இல் அந்த நுண்ணுயிருக்குச் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரே இடப்பட்டது. தமிழ்நாட்டுக் கையேடுகள் இன்றும் எச்சரிக்கையாக, சூபாபுல் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்றே சொல்கின்றன.

நஞ்சுக்கு விடை கிடைத்த வேளையில் பூச்சி வந்தது. சூபாபுலின் இளந்துளிரில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சில்லிட் என்ற சிறு பூச்சி 1984இல் ஹவாயை அடைந்து, பசிபிக் தீவுகள் வழியாக ஆசியாவுக்குத் தாவி, 1988இல் தென்னிந்தியாவில் தென்பட்டது. துளிரே தீவனம் என்பதால் இழப்பு நேராகத் தழையில் விழுந்தது. தோப்புகள் மொட்டையாக நின்றன. பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றைத் தாய்லாந்திலிருந்து தருவித்து விட்டார்கள். சேதம் சில ஆண்டுகளில் தணிந்தது. ஒரே மரம் எல்லாம் செய்யும் என்ற நம்பிக்கை திரும்பவில்லை. அதன் பிறகு வந்த பரிந்துரைகளில் சூபாபுலோடு அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால், முருங்கை என்று பல பெயர்கள் சேர்ந்து வருகின்றன. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கிளைரிசிடியா, இலங்கையில் தோட்டப் பயிர்களின் நிழல்மரமாகவும் தமிழ்நாட்டில் பசுந்தழை உரமாகவும் பழகியது. அதன் மணம் புது ஆட்டுக்குப் பிடிக்காது. அறுத்து அரைநாள் வாடவிட்டுப் போட்டால் தின்னப் பழகும். இந்தக் கைப்பக்குவத்தை ஆய்வு நிலையங்களும் ஆட்டுக்காரர்களும் ஏறத்தாழ ஒரே வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

அண்மைக்கால மாற்றம் சந்தையிலிருந்து வந்தது. ஆட்டுக்கறியின் விலை ஏறியதும் பரண்மேல் ஆடு வளர்ப்பு பரவியது. இடைவெளி விட்ட பலகைத் தளத்தில் ஆடு நிற்கும், புழுக்கை கீழே விழும், தீவனம் ஆட்டைத் தேடி வரும். 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உலர்தீவனம் வேண்டும். அதில் பாதியைப் பசுந்தழையாகக் கொடுக்க 2 கிலோவுக்குக் குறையாத தழை வேண்டும். பத்து ஆடு வைத்திருப்பவர் வேலியோரத்தில் சமாளித்துவிடலாம். நூறு ஆடு வைத்திருப்பவருக்குத் தழை ஒரு சாகுபடி. அகத்தியையும் சூபாபுலையும் நெருக்கமாக விதைத்து இடுப்பளவில் மொட்டையடித்து, ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அறுக்கிறார்கள். சொட்டுநீர் போகிறது, தழை நறுக்கும் எந்திரம் ஓடுகிறது. அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் செடிமுருங்கைக் கவாத்துத் தழையும், கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கத்தில் பட்டுப்புழு தின்று மீந்த மல்பெரியும் ஆட்டுக்கே போகின்றன. பழைய உபரி முறை முழுக்க ஒழிந்துவிடவில்லை.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. பெற்றவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத பெண்கள். ஆடு வந்தது, தழைக்கு மரம் வரவில்லை. சாலையோரப் புளியும் ஏரிக்கரை வேம்பும் புறம்போக்குக் கருவேலும்தான் அந்த ஆடுகளின் துணைத்தீவனம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாள்களில் அந்த ஆணையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் அளவுக்குச் சுருக்கியது. 1882இல் தொடங்கிய வழக்கின் இன்னொரு கட்டம் அது.

ஊர்ப்புறத்தில் இதைவிட அமைதியாக நடந்த இழப்பு வேலியில். கிளுவையும் பூவரசும் நின்ற இடத்தில் கல்தூணும் கம்பியும் ஏறிவிட்டன, யாழ்ப்பாணத்தில் மதிற்சுவர். உயிர்வேலியை ஆண்டுதோறும் கழித்து அடைக்க ஆள் கிடைப்பதில்லை என்பதே பெரும்பாலோர் சொல்லும் காரணம். வேலித் தழை இப்படிக் குறைந்துவிட்ட இந்நாளில், பக்ரீத்துக்கு முந்தைய வாரம் நகரத் தெருக்களில் தழைக்கட்டு விலைக்கு வருகிறது. ஆட்டை வாங்கி வீட்டு வாசலில் கட்டியவர் இரண்டு கட்டுத் தழையும் வாங்கிப் போகிறார். எட்டயபுரம், செஞ்சி போன்ற ஆட்டுச் சந்தைகளுக்கு விடியுமுன் வண்டியேறும் கிடாய்களுக்கு இன்றும் வழித்துணைத் தீவனம் தழைதான். கொட்டகை வைத்திருப்பவர்கள் பலர் இப்போது கம்பிவேலிக்கு உட்புறமாக மூன்றடி இடைவெளியில் கிளைரிசிடியாக் குச்சிகளை ஊன்றி வருகிறார்கள். முதல் ஆண்டு வெட்டாமல் விட்டு, அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு முதல் கவாத்து எடுக்கலாம்.